ரெண்டுதரத்துக்குப் பிறகு

சங்குமுனையில் மௌனம் முதன்முதல் இறங்கிய பின்னேரம், எமல்டா ஐஸ் கொம்பனி மதிலோரம் நின்று தன் புருஷன் அலறுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். இதைக் கேட்டு யாரும் நெஞ்சில் கைவைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெண்களுக்குப் பின்னேர வேலை அதுதான். மீனுக்கு ஐஸ் அடித்த கட்டடத்தை ஆமிக்காரர் எடுத்துக்கொண்டு, பெருமீன் தொங்கிய கொளுக்கிகளில் மனிதரைத் தொங்கவிடத் தொடங்கிய நாளிலிருந்து, உள்ளே யார் இருக்கிறார்கள், யார் இல்லாமல் போனார்கள் என்று சொல்ல ஒரு நாதியும் இருக்கவில்லை, சத்தம் மட்டும்தான் இருந்தது. பொழுது சாயும், உள்ளே கட்டையடி விழும், ஒவ்வொருத்தியும் அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து தன்னுடையவனின் குரலைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, "இண்டைக்கும் கத்தினவன்" என்று பக்கத்தில் நிற்பவளிடம் சொல்லிவிட்டு, உலை வைக்க வீட்டுக்குப் போவாள். கத்தாதவனின் வீட்டில்தான் அன்று அடுப்பு எரியாது.

செபமாலையின் குரலைப் பொறுக்கி எடுக்கத் தேவையே இல்லை. அவன் சங்குமுனை மீன்சந்தையில் ஏலம் கூறுகிறவன். அவன் கரையில் நின்று "ஒருதரம்" என்றால் ஆழ்கடலில் வலை இழுக்கிறவனுக்கும் அன்றைய விலை தெரிந்துவிடும் என்று ஊரில் பகிடி சொல்வார்கள். ஒருநாள் முகாம் கப்டன் வழக்கம்போலக் காசு கொடுக்காமல் மீன்குவியலிலிருந்து ஒரு பாரையைத் தூக்க, செபமாலை அதை மெல்ல அவன் கையிலிருந்து வாங்கி, தலைக்கு மேலே உயர்த்தி, "கப்டன் கையாலை தொட்ட பாரை, ஒருதரம்!" என்று கூறிவிட்டான். சந்தை முழுக்கச் சிரித்தது. மனிதர் ஒரு ஆயுளில் செய்கிற எத்தனையோ குற்றங்களில் அந்தச் சிரிப்புத்தான் பெரிய குற்றமாகிப் போனது. அடுத்தநாள் மத்தியானம் அவனைத் தலைமயிரில் பிடித்து இழுத்துவந்து, அதே ஏல மேசை விளிம்பில் முகத்தை அடித்துப் பல்லை உடைத்து, ரத்தமும் மீன்செதிலும் ஒட்டிய வாயோடு கொண்டுபோனார்கள்.

உள்ளே அவனிடம் பேர்கள் கேட்டார்கள். ஆமி தேடிய பெடியங்களை வள்ளத்தில் ஏற்றி அக்கரைக்கு அனுப்பியவர்களின் பேர்கள். அவனுக்கு எல்லாப் பேரும் தெரியும். அவன் கொடுத்தது ஏலத்தைத்தான். முதல் அடி விழ "ஒருதரம்!" என்று கத்துவான், அடுத்தது விழ "ரெண்டுதரம்!" என்று கத்துவான், அதற்குமேல் வெறும் முனகல், பிறகு மறுபடியும் "ஒருதரம்!" என்று தொடக்கத்துக்கே போய்விடுவான். மூன்றாந்தரம் என்பது அவன் வாயில் வராது. சங்குமுனையில் மூன்றாந்தரம் கூறியாயிற்று என்றால் மீன் கைமாறியாயிற்று, பிறகு ஆண்டவரே இறங்கி வந்தாலும் அந்தக் கூறு திரும்பாது. ஆகவே மதிலுக்கு இந்தப் பக்கம் நின்ற எமல்டாவுக்கு ஒவ்வொரு பின்னேரமும் விளங்கியது: அவர் இன்னும் விலைபோகவில்லை.

அந்தப் பின்னேரம் "ஒருதரம்" என்றது கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மதிலில் இருந்த காகத்தின் அலகு திறந்து மூடியது, சத்தம் இல்லை. அலை வந்து கரையில் விழுந்தது, சத்தம் இல்லை. அந்தோனியார் கோயில் மணி கயிற்றில் ஆடியது, பக்கத்தில் நின்ற சூசையம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள், ஆமி ஜீப் ஒன்று மேட்டில் ஏறித் திரும்பியது, எதற்கும் சத்தம் இல்லை. ஒரு பரலோகமந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் ஊர் அப்படி நின்றது. பிறகு எல்லாச் சத்தமும் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. ஆனால் உள்ளே அடி முடிந்திருந்தது, அதற்குள் அவன் என்ன சொன்னான் என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அன்று அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

அடுத்த கிழமையும் மௌனம் வந்தது, அதற்கடுத்த கிழமையும் வந்தது, வரவர நீண்டது. சனம் முதலில் காதுக்குள் நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தது. சுவாமியார் தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். ஆசுப்பத்திரியில் டொக்டர் எல்லோருடைய காதுக்குள்ளும் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, தன் காதும் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டார். பிறகு, ஊரடங்குக்கும் பழகி, சுற்றிவளைப்புக்கும் பழகிய சனம் இதற்கும் பழகிப்போனது. புருஷன் பெண்சாதி சண்டையில் மௌனம் இறங்கினால் இரண்டு பேரும் விட்ட இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு, அது ஏறிப்போனதும் அதே சொல்லிலிருந்து தொடங்கினார்கள். தாய்மார் அழுகிற பிள்ளையின் வாயைப் பார்த்துப் பாலா, பயமா என்று கண்டுபிடித்தார்கள். செத்தவீட்டில் ஒப்பாரிக்காரிகள் அந்த நேரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.

காரணம் தொலைபேசியில் வந்தது. குளிர்தேசத்துப் பெரிய நகரம் ஒன்றில் இருந்த றொபேட், செபமாலையின் கூடப்பிறந்த தம்பி, ஒருநாள் எமல்டாவிடம் சொன்னான்.

"அண்ணி, நாங்கள் உங்களைக் கைவிடேல்லை. ஒவ்வொரு வெள்ளியும் மத்தியானம் இஞ்சை பெரிய சதுக்கத்திலை சனம் சேருது. வெள்ளைக்காரர், கறுப்பர், எல்லாரும். கையிலை வெள்ளை றிபன் கட்டிக்கொண்டு சங்குமுனைக்காக மௌன அஞ்சலி செய்யிறம்."

அங்கே மத்தியானம் என்றால் இங்கே பொழுதுபடுகிற நேரம். மௌனம் இறங்கியதெல்லாம் வெள்ளிக்கிழமைகளில்தான்.

"அஞ்சலியோ? அது செத்த ஆக்களுக்கெல்லோ செய்யிறது. அவர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார், தம்பி."

"அது ஒரு அடையாளம், அண்ணி. உலகத்துக்குக் காட்டுறதுக்கு."

"உலகத்துக்குக் காட்டுங்கோ, வேண்டாமெண்டு சொல்லேல்லை. ஆனா நீங்கள் உங்கை வாயை மூட, இஞ்சை எங்கடை வாய் அடைபடுது. அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு தெரியிறதுக்கு எங்களிட்டை இருந்தது அந்தச் சத்தம் ஒண்டுதான்."

றொபேட்டுக்கு அது விளங்கவில்லை என்று சொல்லமுடியாது. நம்பத்தான் கஷ்டமாக இருந்தது. கப்டனுக்கு அந்தக் கஷ்டம் இருக்கவில்லை. சதுக்கத்து அமைதிக்காரர்கள் தங்கள் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி படம் போட்டு அறிவிப்பார்கள், கப்டன் அதைத் தன் போனில் பார்த்து வைத்துக்கொள்வான். உலகத்திலேயே அமைதி இயக்கத்தில் அவ்வளவு ஆர்வம் காட்டிய மனிதன் வேறு யாரும் இருக்கமாட்டான். ஊருக்குக் கேட்கக்கூடாது என்று அதுவரை அடக்கி வாசித்த வேலைகளை எல்லாம் வெள்ளிக்கிழமைப் பொழுதுக்குத் தள்ளிவைத்தான். வெள்ளி மௌனம் ஏறிப்போன பிறகு, முந்தி ஐஸ் உருகிய தண்ணீர் ஓடிக் கடலில் விழுந்த வாய்க்காலில் சிவப்பு ஓடியது. மதிலோரத்தில் நின்றவர்களில் சிலர் சனிக்கிழமை வந்து நின்று, ஞாயிறும் வந்து நின்று, திங்கள் வராமல் விட்டார்கள்.

ஆனால் சூசையம்மாவின் மகன் தப்பி வந்ததும் அதே மௌனத்தில்தான். கூரைத் தகரத்தைக் கையால் பிய்த்து, சதை கிழிய வெளியே இறங்கி, குரைத்துக் குரைத்துத் தொண்டை வீங்கிய காவல்நாய்க்கு முன்னாலேயே நடந்து வந்துவிட்டான். ஒரு தகரம் கூடக் கிரீச்சிடவில்லை. அவன் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று, இனி அந்தக் கூட்டமே வேண்டாம் என்று றொபேட்டுக்குச் சொல்லப்போவதாக எமல்டா சொல்ல, சூசையம்மா அவள் கையைப் பிடித்து முறுக்கினாள்.

"வாயைத் திறக்காதை, எமல்டா. அந்தச் சனத்துக்கு நான் கோயில் கட்டிக் கும்பிடுவன்."

"உன்ரை பிள்ளை வந்திட்டான், நீ கும்பிடுவாய். உள்ளுக்கை இருக்கிறவைக்கு வெள்ளிக்கிழமை கொலைநாளெல்லோ."

"இன்னும் ஒராள் வராதெண்டு உனக்குத் தெரியுமோ?"

எமல்டாவுக்குத் தெரியாது. அதுதான் அவளுக்குக் கோபம். நல்லது என்று தள்ளவும் முடியாமல், கெட்டது என்று திட்டவும் முடியாமல், தூரத்தில் யாரோ நல்ல மனதோடு செய்கிற ஒன்று தன் வீட்டு அடுப்பில் வந்து விழுகிறதே என்று அவளுக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் அடுத்த வெள்ளி றொபேட்டின் அழைப்பை எடுத்தாள்.

"அண்ணி," என்றான், வேறு மாதிரியான குரலில். "எங்கடை அந்தோனியார் கோயில் மணி இப்பவும் வெடிச்ச மணிதானோ? 'ஞொய்ங்' எண்டு அடிக்குமே, அதோ?"

"அதுதான். ஏன்?"

"இண்டைக்கு இஞ்சை கேட்டது. எல்லாரும் கண்ணை மூடி நிக்கிற நேரம், சதுக்கத்துக்கு மேலை, வானத்துக்குள்ளை இருந்து."

எமல்டாவுக்கு அப்போது விளங்கியது. இங்கே போன சத்தம் எங்கேயும் கெட்டுப்போகவில்லை. அவர்கள் மூடிய வாய்களுக்கு நடுவே ஒரு குழி விழுந்தது, சங்குமுனையின் சத்தமெல்லாம் அந்தக் குழிக்குள் போய் விழுந்தது. மணி போனால், காகம் போனால், அவருடைய குரலும் போயிருக்கும்.

"வேறை என்ன கேட்டது?"

"வேறை ஒண்டுமில்லை."

"றொபேட்."

அவன் அழத் தொடங்கினான். "கேட்டது, அண்ணி. ஒவ்வொரு வெள்ளியும் கேட்டது. அண்ணையின்ரை குரல். நான் என்ரை தலைக்குள்ளைதான் கேக்குது எண்டு நினைச்சன். பக்கத்திலை நிண்ட மனிசி என்னைத் தொட்டு, புது ஒலிபெருக்கி நல்லாயிருக்கு, நெஞ்சைத் தொடுது எண்டு சொன்னா."

"என்ன சொன்னவர்? எத்தினைதரம்?"

"ரெண்டுதரம். ரெண்டுதரத்தோடை நிக்குது."

அன்று எமல்டா உலை வைத்தாள். சோற்றை வடித்து, ஆறவிட்டு, ஒரு பருக்கை விடாமல் தின்றாள். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குக் காது இப்போது குளிர்தேசத்தில் இருந்தது, மற்றப் பெண்களும் போனைச் சுற்றி நின்று தங்கள் தங்கள் ஆட்களின் குரலை விபரித்துச் சொல்லி, இப்படிக் கீச்சுக் குரல் கேட்டதோ, அம்மாவே என்றதோ, மாதாவே என்றதோ என்று றொபேட்டைக் கேட்டார்கள். அவன் ஒவ்வொன்றாகச் சொன்னான், சொல்லிச் சொல்லி இளைத்துப்போனான்.

அப்போதுதான் அந்தப் பெரிய அறிவிப்பு வந்தது. உலகத்து நகரங்கள் பலவற்றில் ஒரே நேரத்தில், ஒரு மணித்தியாலம் முழுக்க, சங்குமுனைக்காக மௌனம். கப்டன் அன்றே ஐஸ் கொம்பனி முற்றத்தில் சுண்ணாம்பு மூட்டைகளை இறக்கினான். பிணக்குழியில் கொட்டத்தான் அவ்வளவு சுண்ணாம்பு என்று, மூட்டைகளைப் பார்த்த பெண்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை. சூசையம்மா தானாகவே எமல்டாவின் வீட்டுக்கு வந்து, "போனை எடு, அவனோடை கதை. இது வேண்டாமெண்டு சொல்லு" என்றாள்.

"தம்பி, அண்டைக்கு ஒருத்தரும் மௌனமா நிக்கக்கூடாது," என்றாள் எமல்டா. "ஒரு மணித்தியாலம் அவங்களுக்குப் போதும். உள்ளுக்கை இருக்கிற எல்லாரையும் முடிச்சுப்போடுவாங்கள். கத்துங்கோ. தகரத்தைத் தட்டுங்கோ, ஊளையிடுங்கோ, என்னெண்டாலும் செய்யுங்கோ. வாயை மட்டும் மூடாதேங்கோ."

றொபேட் நிகழ்வை நடத்துகிற குழுவிடம் போனான், கெஞ்சினான், திரும்பி வந்தான்.

"நகரசபை தந்தது மௌன நிகழ்வுக்கான அனுமதியாம், அண்ணி. சத்தம் போடுறதெண்டால் வேறை அனுமதி எடுக்கவேணுமாம். அதுக்கு இனி நாள் காணாதாம். எல்லா நகரத்துக்கும் அறிவிச்சாச்சு, உங்கடை கவலை தங்களுக்கு விளங்குது எண்டு சொல்லச் சொன்னவை."

எமல்டா சிரித்தாள். அப்படியொரு சிரிப்பை அவள் வாயிலிருந்து அவளே கேட்டதில்லை.

அந்த வெள்ளி வந்தது. பெண்கள் எல்லோரும் மதிலோரம் போனார்கள். போகாமல் என்ன செய்வது? பொழுது செம்மண் நிறமாகி, அலையின் சத்தம் பாதியில் அறுந்து, ஊர் ஊமையானது. அதே நொடியில் முற்றத்துக்குக் கைதிகளைக் கொண்டுவந்தார்கள். நடக்க முடிந்தவர்களை நடத்தினார்கள், முடியாதவர்களைக் கொளுக்கியோடு இழுத்தார்கள். மதிலில் உடைந்த இடத்தால் எமல்டா பார்த்தாள்: செபமாலையின் ஒரு கண் மூடி வீங்கியிருந்தது, ஒரு கை தோளிலிருந்து வெறுமனே தொங்கியது, மற்றக் கையை அவன் தலைக்கு மேலே உயர்த்தியிருந்தான், பாரையைத் தூக்கிய அதே மாதிரி. துவக்குகளின் வாயில் நெருப்புப் பூத்தது. முதல் வரிசை மடிந்தது. ஒரு தலை தேங்காய் உடைவதுபோல உடைந்தது, அதற்கும் சத்தம் இல்லை. சுவரில் சுண்ணாம்பும் சதையும் தெறித்தன. பெண்கள் கத்தினார்கள். தொண்டை நரம்பு புடைக்க, பிடரி விறைக்க, தங்கள் காதுக்கே கேட்காத சத்தத்தை, எங்கோ போய் விழட்டும் என்று, அடிவயிற்றிலிருந்து எடுத்து எறிந்தார்கள். எமல்டாவும் விடாமல் கத்தினாள். செபமாலையின் உதடுகள் அசைந்தன. ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. அந்த நேரம் பார்த்து ஒரு ஆமிக்காரன் உடைந்த இடத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டான். அவன் விலகியபோது செபமாலை நிலத்தில் கிடந்தான்.

மௌனம் ஏறிப்போனபோது முதலில் கேட்டது வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

சதுக்கத்தில் நடந்ததைப் பற்றி அந்த நகரத்துப் பேப்பர்கள் எல்லாம் எழுதின. ஆயிரக்கணக்கான பேர் கண்மூடி நின்ற நேரம் வானத்திலிருந்து துவக்குச் சூடு கேட்டது, அலறல் கேட்டது, சனம் விழுந்தடித்து ஓடியது, குழந்தைகள் மிதிபட்டன, ஒரு கிழவருக்குக் கால் முறிந்தது. நிகழ்வைக் குழப்ப யாரோ ஒலிபெருக்கி வைத்த விஷமம் என்று பொலிஸ் சொன்னது. பாதுகாப்புக் கருதி இனி மௌனம் இல்லை, அதே இடத்தில், அதே மத்தியான நேரத்தில், மெழுகுதிரி மட்டும் ஏற்றுவது என்று குழு தீர்மானித்தது. அந்தச் சத்தம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

எமல்டா கேட்டாள்.

"நீ ஓடினனீயோ, தம்பி?"

"இல்லை, அண்ணி. நான் நிண்டனான்."

"அப்ப சொல்லு. அவர் மூண்டாந்தரம் சொன்னவரோ?"

போனில் அவன் மூச்சு மட்டும் கேட்டது. "மௌனமா நிக்காதை!" என்று எமல்டா கத்தினாள். "போதும் நீங்கள் நிண்டது. சொல்லு!"

"ஒருதரம் சொன்னவர், அண்ணி. ரெண்டுதரம் சொன்னவர். அதுக்குப் பிறகு உங்கடை குரல் கேட்டது. 'மூண்டு சொல்லாதேங்கோ, மூண்டு சொல்லாதேங்கோ' எண்டு. அண்ணை அதைக் கேட்டமாதிரி 'ஓம்' எண்டவர். பிறகு வெடி."

எமல்டா போனை மடியில் வைத்தாள். மதிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஒருவரையொருவர் கேட்க முடியாத அவளும் அவனும், யாரோ ஒருவரின் ஊரில், ஓடுகிற சனத்தின் தலைக்கு மேலே கடைசியாகக் கதைத்திருக்கிறார்கள். அவளுக்கு அது ஆறுதலா, அநியாயமா என்று தெரியவில்லை. பிறகு வாய்விட்டு அழுதாள். அழுகை அவளுக்கே கேட்டது.

முதல் மெழுகுதிரி வெள்ளியன்று பின்னேரம், வள்ளங்கள் கரைதட்டிய நேரம், எமல்டா செருப்பைக் கழற்றிவிட்டு ஏல மேசையில் ஏறினாள். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த போன் றொபேட்டோடு தொடுப்பில் இருந்தது. சந்தை அசையாமல் பார்த்தது. அவள் ஒரு பாரையைத் தலைக்கு மேலே தூக்கி "ஒருதரம்!" என்றாள். "ரெண்டுதரம்!" என்றாள். அதோடு நிறுத்தினாள்.

வாங்க வந்தவர்கள் காத்து நின்றார்கள். மீனில் ஈ மொய்த்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு கப்டன் வந்தான்.

"மூண்டு சொல்லு," என்றான்.

"சொல்லமாட்டன். இஞ்சை இன்னும் ஒண்டும் முடியேல்லை."

துவக்குப் பிடியால் அவள் தாடையில் அடித்தான். எமல்டா மேசையிலிருந்து மீன்களுக்கு மேலே விழுந்தாள். வாயிலிருந்து ரத்தம் வழிய, எழும்ப முடியாமல், "ஒருதரம்" என்றாள். கப்டன் சப்பாத்தை அவள் கழுத்தில் வைத்தான். அப்போது சூடைமீன் கடகத்துக்குப் பின்னாலிருந்து, இருமலுக்கு நடுவே, சூசையம்மாவின் குரல் வந்தது: "ரெண்டுதரம்." பிறகு தராசடியில் இருந்து ஒரு குரல் "ஒருதரம்" என்றது, கரையில் வலை உதறியவர்கள் "ரெண்டுதரம்" என்றார்கள், மறுபடியும் ஒருதரம், மறுபடியும் ரெண்டுதரம், சந்தையின் தகரக் கூரை அதிர்ந்தது. கப்டன் வானத்தைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான். மௌனம் இறங்கவில்லை. துவக்கு வெடித்தால் இனி ஊருக்குக் கேட்கும். அங்கே சதுக்கத்தில் அவர்கள் பட்டப்பகலில் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த மெழுகுதிரிகள் சங்குமுனைக்குச் செய்த உபகாரம், அதன் சத்தத்தை அதனிடமே விட்டுவைத்ததுதான்.

சதுக்கத்தில் றொபேட் போனின் சத்தத்தை முழுக்கக் கூட்டி, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்தான். வெள்ளை றிபன் கட்டிய தொண்டர் ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாக, இது அமைதி நிகழ்வு, தயவுசெய்து அதை நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொண்டார். றொபேட் நிறுத்தவில்லை. அவனைத் தோளில் பிடித்து மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார்கள், அவன் கை கீழே இறங்கவில்லை. அங்கே நின்ற ஒரு பெண் தன் மெழுகுதிரியை ஊதி அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, உயர்ந்திருந்த அவன் கையைத் தன் கையால் தாங்கிப் பிடித்தாள்.

"இவர்கள் என்ன சொல்கிறார்கள்?" என்று அவளுடைய மொழியில் கேட்டாள்.

"மீன் ஏலம்," என்றான் றொபேட். "இன்னும் முடியவில்லை."